ஆண்டறிக்கை 2024–25: தமிழ் மன்றப் பொதுக்குழுவில் செயலாளர் வாசித்தளித்தது

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், நேரில் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இவ்வறிக்கையின் படி வாட்ஸாப் குழுவில் அனுப்பி வைக்கப்படும். அக்குழுவில் வருகைப் பதிவு எப்போதும் முழுமையாகவே இருக்கிறது.

சித்திரைத் திருநாள் வழக்கம்போல் கொண்டாடப்பட்டது. பாரதியார் நினைவு நாளில் கவிதை வாசிப்பு நடைபெற்றது. மழையினால் கூட்டம் குறைவு. கர்நாடக மாநிலம் உருவான நாளான கன்னட ராஜ்யோத்சவத்தன்று கொடியேற்றி இனிப்பு வழங்கினோம். பொங்கல் விழா கோலப் போட்டியுடன் இனிது நிறைவேறியது.

இவ்வாண்டின் முதன்மைப் பணி என்று நான் கருதுவது, செயற்குழுவில் சிலர் 'செயலாளரின் சொந்த வேலை' என்று குறிப்பிடுகின்ற நாடக வாசிப்பு வட்டம் ஆகும். இதிகாசக் கதைகளைப் புதிதாக எழுதிய நாடகங்களில் சாதியும் விதியும் எவ்வாறு கையாளப்பட்டுள்ளன என்பதைப் படித்துப் பேசுவதற்காக, காக்ஸ் டவுனில் உள்ள நம் வாடகைக் கூடத்தில் மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை மாலை கூடினோம். 'இதிகாசத்தில் செயலாளர் சாதியைப் புகுத்துகிறார்' என்று தலைவருக்கு ஒரு கடிதம் வந்திருப்பதால், என்ன படித்தோம், ஏன் படித்தோம் என்பதைச் சற்று விரிவாகவே பதிவு செய்ய வேண்டியுள்ளது.

எல்லோரும் அறிந்த கர்ணனிலிருந்து தொடங்கினோம். கர்ணனின் வீழ்ச்சியை விதி என்று சொல்லி முடிப்பது நம்மிடையே பழகிப்போன ஒன்று. ஆனால் அவன் மேல் விழுந்த சாபங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால், அவை ஒரே வகையைச் சேர்ந்தவையாக இல்லை. வேதியர் ஒருவரின் பசுவை அறியாமல் கொன்றதால், போரில் தேர்ச்சக்கரம் மண்ணில் புதையும் என்ற சாபம் வந்தது. அதற்கும் அவன் பிறப்புக்கும் தொடர்பில்லை. அதை விதி என்றே வைத்துக்கொள்ளலாம். பரசுராமரின் சாபம் அப்படிப்பட்டதன்று. பிராமணன் என்று பொய் சொல்லிக் கற்றதால் அது வந்தது. பிரம்மாஸ்திரத்தைத் துரோணர் அவன் குலத்தைக் காட்டி மறுத்ததால் அந்தப் பொய் தேவைப்பட்டது. முதலில் கதவை அடைத்தது யார் என்று கேளாமல், சுவரேறிக் குதித்தவன் கால் முறிந்ததை மட்டும் விதி என்பது நியாயமாகாது. நம் கூத்துக் கலைஞர்களுக்கு இது தெரிந்தே இருந்தது. 'கர்ண மோட்சம்' கூத்தில், கர்ணனின் மனைவி பொன்னுருவியே அவன் பிறப்பைச் சொல்லி இகழ்கிறாள். சாதியை நான் புகுத்தவில்லை. விடிய விடியக் கூத்துப் பார்த்த நம் தாத்தா பாட்டிமார் காதில் அது ஏற்கெனவே விழுந்திருந்தது.

அடுத்து, நாம் வாழும் மண்ணின் மொழிக்கு வந்தோம். கன்னடக் கவிஞர் குவெம்பு 1944-இல் 'சூத்ர தபஸ்வி'யையும், 1947-இல் 'பெரள்கெ கொரள்' (விரலுக்குக் கழுத்து) என்ற ஏகலைவன் நாடகத்தையும் எழுதினார். சூத்திரனாகப் பிறந்து தவம் செய்ததற்காக இராமாயணத்தின் உத்தர காண்டத்தில் இராமனின் வாளால் மடியும் சம்பூகன், முதல் நாடகத்தில் மடிவதில்லை. எய்த அம்பு அவனை வணங்கிவிட்டு, அவன் மீது பழி சுமத்திய அந்தணனைத் துரத்துகிறது. இரண்டாவது நாடகத்தில், வியாசர் பேசவிடாத ஏகலைவனின் தாய் வந்து நிற்கிறாள். தன் மகனின் கட்டைவிரலைக் குருதட்சிணையாக வாங்கிய துரோணருக்கு, விரலுக்குக் கழுத்து என்று அவள் வைக்கும் கணக்கு, பதினைந்தாம் நாள் போரில் துரோணரின் தலை விழும்போது தீர்கிறது. விதி வேடன் மேல் விழுந்து அவனோடு முடிந்துவிடாமல், குருவின் பக்கம் திரும்புகிறது. எனக்கு இவ்விரண்டில் ஏகலைவன் நாடகமே பெரிது. சம்பூகனைக் காப்பாற்ற அற்புதம் ஒன்று தேவைப்பட்டது. துரோணருக்கு அவர் செய்ததே போதுமானதாக இருந்தது.

இதைத் தமிழில் பெயர்த்து வாசித்தவர்கள் நம் இளைய உறுப்பினர்கள். அவர்கள் வீட்டில் தமிழ் பேசுவார்கள். பள்ளியில் கன்னடம் படித்தவர்கள். தமிழ் எழுத்து அவர்களுக்கு வராது. ஆகவே தமிழ் வசனங்களைக் கன்னட எழுத்தில் எழுதிக்கொண்டார்கள். ழகரம் வரும் இடங்களில் எழுத்தின் அடியில் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்திருந்தார்கள். அந்தப் புள்ளிகளை ஒருவரும் தவறவிடவில்லை என்பதை, தமிழில் முதுகலை படித்த மூத்த உறுப்பினர்களின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

கன்னட நாடகாசிரியர் கிரீஷ் கர்னாடின் 'அக்னி மத்து மளெ' (தீயும் மழையும்) மகாபாரதத்தின் வனபர்வத்து யவக்ரீதன் கதையிலிருந்து பிறந்தது. நித்திலை என்ற வேடர் குலப் பெண் மூலத்தில் இல்லை, கர்னாட் படைத்தவள். வேள்வி, ஏவல், பிரம்மராட்சசன் என்று அந்தணர் குடும்பங்கள் ஒருவரையொருவர் அழித்துக்கொள்ளும் அந்நாடகத்தில், எந்தச் சாபமும் இல்லாதவள் அவள். ஆயினும் அவள் கழுத்தே அறுக்கப்படுகிறது. இறுதியில் பிரம்மராட்சசனுக்கு விடுதலையும் ஊருக்கு மழையும் கிடைக்கின்றன. அவளுக்கு உயிர் திரும்பவில்லை. அவளை மணக்க இருந்த அர்வசு, அவளுடைய ஊர்ப் பெரியவர்கள் கூடியிருந்த இடத்துக்கு உரிய நேரத்தில் வரவில்லை என்பதிலிருந்தே அவள் அழிவு தொடங்குகிறது. ஆறு மணிக் கூட்டத்துக்கு ஏழரைக்கு வரும் உறுப்பினர்கள் இந்நாடகத்தை அவசியம் படிக்க வேண்டும்.

கடிதத்துக்குக் காரணமான அரக்கு மாளிகைக்கு இப்போது வருகிறேன். பாண்டவர்கள் தப்பிய இரவில் குந்தி அந்தணர்களுக்கு விருந்தளித்தாள். உணவை நாடி, வேடர் குலமான நிஷாதர்களில் ஒரு பெண் தன் ஐந்து மகன்களுடன் வந்தாள். அவர்கள் உண்டு, குடித்து, அங்கேயே உறங்கிப் போனார்கள். பீமன் தீ வைத்தான். மறுநாள் ஊரார் அந்த ஆறு உடல்களைக் கண்டு குந்தியும் ஐவரும் மாண்டதாக அழுதார்கள். அவள் 'காலத்தால் ஏவப்பட்டு' வந்தாள் என்று ஆதிபர்வம் சொல்கிறது. கர்ணனுக்காவது சாபங்கள் உண்டு, அவற்றுக்குக் காரணங்கள் உண்டு. இவளுக்குப் பெயரே இல்லை. காலம் என்ற ஒற்றைச் சொல்லோடு கதை நகர்ந்துவிடுகிறது. அதே பாரதம் துரோண பருவத்தில் இவ்வளவு மறைப்பதில்லை: அர்ச்சுனனின் நலனுக்காகவே ஏகலைவன் கொல்லப்பட்டான் என்று கண்ணனே வெளிப்படையாகச் சொல்கிறான். விதி எங்கே பேசுகிறது, தேவை எங்கே பேசுகிறது என்று பிரித்துக் காட்டுவது நாடகக்காரரின் வேலை என்பது என் கருத்து. இதன் அடிப்படையில் உறுப்பினர்கள் சேர்ந்து அந்த விருந்து இரவைப் பற்றி ஒரு குறுநாடகம் எழுதியுள்ளனர்.

பாத்திரத் தேர்வில் நடந்ததையும் மறைக்க விரும்பவில்லை. பீமனுக்கு ஐந்து பேர் பெயர் கொடுத்தார்கள். நிஷாதப் பெண்ணாக நடிக்க நெடுநாள் ஒருவரும் முன்வரவில்லை. தம் மகனை அந்த ஐந்து பிள்ளைகளில் ஒருவனாக நடிக்க வைக்க வேண்டாம் என்று ஒரு தந்தையார் தொலைபேசியில் கூறினார். காரணம் கேட்டபோது தேர்வு என்றார். அர்ச்சுனன் வேடம் என்றால் தேர்வு இடைஞ்சலாகாதா என்று நான் கேட்கவில்லை. ஒத்திகையில், குந்தியாக நடிக்கும் மூத்த உறுப்பினர், யாரும் சொல்லித்தராமலே, அந்தணர்களுக்குக் குனிந்து பரிமாறினார். நிஷாதப் பெண்ணின் இலைக்கு வந்ததும் கரண்டியை ஒரு முழம் உயர்த்திப் பிடித்துச் சோற்றை மேலிருந்து விழவிட்டார். ஏன் அப்படி என்று இயக்குநர் கேட்டதற்கு, "எங்க ஊர்ல அப்படித்தாம்மா போடுவாங்க" என்றார். அன்று ஒத்திகை அதற்கு மேல் நடக்கவில்லை. கரண்டியின் உயரம் பற்றியே எட்டரை மணிவரை பேசினோம். அந்த உயரத்தை மாற்றுவதில்லை என்று முடிவாயிற்று. கடிதம் எழுதியவர் அன்று வந்திருந்தால், சாதியை எழுத்துப் பிரதிக்குள் யார் கொண்டு வந்தார்கள் என்பதை நேரில் பார்த்திருக்கலாம். அவர் ஒரு வாசிப்புக்கும் வந்ததில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

வரவு செலவு கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். சுருங்கச் சொன்னால், வரவுக்கும் செலவுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. இருக்கும் சிறு வேறுபாடு செலவின் பக்கம் இருக்கிறது. ஆண்டுச் சந்தா 500 ரூபாயைச் செலுத்தியோர் உறுப்பினர்களில் பாதிக்கும் குறைவு. மூன்றாண்டு நிலுவை வைத்திருப்போரின் பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் பெருந்தன்மையுடன் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. நாடகக் குழுவின் தேநீர்ச் செலவு மிகுதி என்று ஒரு குறை எழுந்தது. வந்தவர்கள்தான் குடித்தார்கள் என்பதே என் விளக்கம்.

கூடத்தின் உரிமையாளருக்கும், விழாக்களுக்கு ஒலிபெருக்கி தந்தவருக்கும், அழைப்பிதழை அடக்க விலையில் அச்சிட்டுத் தந்த அன்பருக்கும், செயற்குழுவினர் அனைவருக்கும் மன்றத்தின் நன்றி உரியது.

வரும் ஆண்டில் குவெம்புவின் ஏகலைவன் நாடகத்தை மேடையேற்ற இளைஞர்கள் விரும்புகிறார்கள். அவர் 1994-இல் மறைந்தவர். சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும் என்பதால், முறைப்படி அனுமதி பெற்ற பின்னரே அதைத் தொடங்க முடியும். நம் குறுநாடகத்துக்கு அந்தத் தடையில்லை. அரங்க வாடகையும் விளக்குச் செலவும்தான் தடை. செயலாளர் பொறுப்புக்கு என்னைவிடத் தகுதியானவர் எவரேனும் முன்வந்தால், கோப்புகளை இன்றே ஒப்படைக்க நான் அணியமாக இருக்கிறேன். அப்படி முன்வருபவர் வாசிப்பு வட்டத்தைத் தொடர வேண்டும் என்பதும், ஆறு மணி என்றால் ஆறு மணிக்கு வர வேண்டும் என்பதும் மட்டுமே என் வேண்டுகோள். எவரும் முன்வராத நிலையில், வரும் மாத இறுதிக்குள் அரங்குக்கு முன்பணம் கட்ட வேண்டியிருக்கும். கூட்டம் முடிந்ததும் பொருளாளர் சிற்றுண்டி மேசைக்கு முன்னால், ரசீதுப் புத்தகத்துடன் அமர்ந்திருப்பார்.

இங்ஙனம்,
செயலாளர்
பெங்களூரு