அந்த அம்மாளின் பெயர் பிரான்சஸ்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வில்லியம் சீவர்ட் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நியூயார்க் மாநில செனட்டர், 1839 முதல் 1842 வரை கவர்னர், பிறகு அமெரிக்க வெளியுறவு அமைச்சராக அலாஸ்காவை வாங்கியவர். எல்லாம் சரி. ஆனால் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருக்கும் அவருடைய காகிதங்களைப் பற்றிச் சொல்லும்போது, மனைவியின் கடிதங்களில் "வீட்டு விஷயங்கள்தான்" என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டீர்கள். மனசு ஆறவில்லை.

உங்களுக்குத் தெரியாததல்ல. 1835-இல் சீவர்டும் மனைவியும், அடிமை முறை இருந்த தென் மாநிலமான வர்ஜீனியா பக்கம் போனார்கள். அங்கே அடிமைகளான பத்துச் சின்னப் பையன்களை இரண்டிரண்டு பேராக மணிக்கட்டில் கட்டி, நீளக் கயிற்றில் கோத்து, ஒருவன் சாட்டையோடு ஓட்டி வந்தான். குதிரைத் தொட்டியில் தண்ணீர் குடிக்கவிட்டு, ஒரு கொட்டகைக்கு விரட்டினான். அழுது அழுதே தூங்கிப்போனார்கள் பிள்ளைகள். அந்த அம்மாளுக்கு அதற்கு மேல் தெற்கே இருக்கப் பிடிக்கவில்லை. நான்கு வருஷம் கழித்து, அடிமை ஒருவர் தப்ப உதவியதாக மூன்று கப்பல் தொழிலாளிகளைத் தன்னிடம் ஒப்படைக்கும்படி வர்ஜீனியா கேட்டபோது, கவர்னர் சீவர்ட் தர மறுத்தார். தப்பி வந்தவர்களுக்கு ஜூரி விசாரணை கிடைக்க 1840-இல் நியூயார்க்கில் சட்டம் வந்தது. அந்தக் கொட்டகையை விட்டுவிட்டு இந்தக் கவர்னரைப் பற்றி எப்படி எழுதுவது?

1865 ஏப்ரல் 14 இரவு சீவர்டைப் படுக்கையிலேயே ஒருவன் கத்தியால் குத்தினானே, அப்போது அறையில் இருந்த மகள் ஃபானியின் டைரியும் அதே காகிதங்களோடுதான் இருக்கிறது. அதுவும் வீட்டு விஷயமா?

என் கணவர் நகராட்சி கவுன்சிலராக இருந்தவர். அவர் போன பிறகு பீரோவில் இருந்ததையெல்லாம் ஒரு நூலகத்துக்குக் கொடுத்தேன். மனுக்கள், கூட்டக் குறிப்புகள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்கள். வெளியூரில் டீச்சராக இருந்த ஆறு வருஷமும் நான் அவருக்கு எழுதிய இன்லண்ட் லெட்டர்களை மட்டும் சணல் கயிற்றில் கட்டித் திருப்பிக் கொடுத்தார்கள். "இதெல்லாம் குடும்ப விஷயம்மா" என்றார் அங்கிருந்த பையன். குழாய் வரியை ஏற்றும் தீர்மானத்துக்குக் கை தூக்காதீர்கள் என்று நான் எழுதியதும், சரி என்று அவர் ஓரத்தில் பென்சிலால் குறித்ததும் அந்தக் கடிதக் கட்டுக்குள்தான் இருக்கிறது. இதை முன்பே உங்களுக்கு எழுதினேன். நான்கு வரியாகச் சுருக்கி, கயிற்றை மட்டும் போட்டீர்கள். குழாய் வரியை விட்டுவிட்டீர்கள். அன்று ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது கேட்பது ஒன்றுதான். கட்டுரை முழுக்க "மனைவி" என்றே இருக்கிறது. அடுத்த இதழில் ஒரு வரி இடம் ஒதுக்கி, பிரான்சஸ் என்று பெயரைப் போடுங்கள்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகி