தீர்ப்பைத் தமிழில் எழுதும் மகளுக்கு

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள மகளுக்கு, அப்பா எழுதுவது. கட்சிக்காரர்களுக்காக ஆங்கிலத் தீர்ப்புகளைத் தமிழில் எழுதித் தரும் பொறுப்பை உன் சீனியர் உன்னிடம் கொடுத்திருப்பதாக நீ போனில் சொன்னதிலிருந்து, வக்கீல் குமாஸ்தாவாக நான் கண்ட சில சொற்களைப் பற்றி உனக்கு எழுத வேண்டும் என்ற எண்ணம் என்னை விடவில்லை.

'அஃப்ரே', 'ரயட்' இரண்டையும் பலர் 'கலவரம்' என்றே எழுதிவிடுகிறார்கள். இரண்டு பேர் பொது இடத்தில் அடித்துக்கொண்டு அமைதியைக் குலைத்தாலே அஃப்ரே ஆகிவிடும். ரயட் என்றால் ஐந்து பேரோ அதற்கு மேலோ சட்டவிரோதமாகக் கூடி, அந்தக் கூட்டத்தின் பொது நோக்கத்துக்காக வன்முறையில் இறங்கியிருக்க வேண்டும். 2024 ஜூலையில் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா வந்த பிறகும் இந்த வேறுபாடு மாறவில்லை. சந்தையில் கைகலந்த அண்ணன் தம்பியை நீ கலவரக்காரர்கள் ஆக்கிவிடாதே. அஃப்ரேவுக்குக் 'கைகலப்பு' போதும். 1806இல் நம் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்ததை வெள்ளையர் 'மியூட்டினி', அதாவது கலகம், என்றார்கள், நாம் புரட்சி என்கிறோம்; எழுதுபவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதைச் சொல்லே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், தீர்ப்பில் உள்ளதற்குக் கூடவோ குறையவோ எழுதாதே.

'செபரேஷன்' இன்னும் கவனமாகக் கையாள வேண்டிய சொல். குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு பெண், மஞ்சள் பையில் நான்காக மடித்த தீர்ப்பு நகலுடன் வந்தார். 'ஜுடிஷியல் செபரேஷன்' என்ற வரிக்கு மேலே யாரோ நீலப் பேனாவால் 'விவாகரத்து' என்று எழுதியிருக்க, அதை நம்பி வீட்டார் வேறு இடத்தில் சம்பந்தம் பேசி, பத்திரிகை அடிக்கவும் கொடுத்துவிட்டார்கள். 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 10ஆம் பிரிவில் கிடைக்கும் அந்த உத்தரவால் சேர்ந்து வாழும் கடமை மட்டுமே நீங்கும், திருமணம் அப்படியே நிற்கும். உத்தரவுக்குப் பின் ஓராண்டுக்கு மேல் இருவரும் சேராதிருந்தால்தான் அதைக் காட்டி விவாகரத்து கேட்க முடியும். விவாகரத்து கிடைக்கும் முன் நடக்கும் மறுமணம் செல்லாது, குற்றமும்கூட. இதைக் கேட்டதும் அந்தப் பெண்ணின் தகப்பனார் ஒன்றும் பேசாமல் அந்த நகலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகவே அந்த வார்த்தை வரும் இடத்திலெல்லாம் 'நீதிமன்றப் பிரிவு' என்று எழுதி, 'திருமண பந்தம் தொடர்கிறது' என்பதைத் தனிக் குறிப்பாகக் கீழே சேர்க்கலாமா என்று சீனியரிடம் கேள். கட்சிக்காரர் கையெழுத்திடும் முன் அதை ஒரு முறை வாய்விட்டுப் படித்துக் காட்டு.

அன்புடன்,
அப்பா