தலைப்பால் இல்லாத சொதி

செங்கோட்டை,
ஞாயிறு காலை

அன்புள்ள முருகையா,

நேற்று போனில் மதினி குரலே சரியில்லை. பித்தப்பை ஆபரேஷன் முடிந்து ஏழு வாரம் ஆகியும் கஞ்சித் தண்ணியும் ரொட்டியும் தவிர நீ எதையும் தொடுவதில்லையாம். வேட்டி இடுப்பில் நிற்கவில்லையாம். காலையில் நாலு தடவை வயிற்றால் போவதால் புனலூர் சந்தைக்குக்கூடக் கிளம்புவதில்லை என்று சொல்லி அழுதார்கள். நானும் இதில் கிடந்து எழுந்தவன், அதனால் பொறுக்க முடியாமல் எழுதுகிறேன்.

எனக்குப் பித்தப்பையை எடுத்து வருகிற ஆவணியோடு மூன்று வருஷம். எடுத்த கல்லை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். பதினொரு கல். மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு, கரும்பச்சை நிறம், ஒன்றோடொன்று உரசிப் பட்டை தீட்டினாற்போல இருந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது "எண்ணெயைக் குறைச்சுக்கோங்க" என்றார்கள், அவ்வளவுதான். எவ்வளவு குறைக்க வேண்டும், எத்தனை நாளைக்கு, எதற்காக என்று ஒருவரும் உட்கார்ந்து சொல்லவில்லை. அந்த வருத்தம் இன்னும் எனக்குப் போகவில்லை.

மூன்றாவது வாரம், தேறிவிட்டேன் என்று நம்பி பிரானூர் பார்டரில் நாலு பரோட்டாவும் கோழிப் பிரட்டலும் சாப்பிட்டுவிட்டு புனலூர் பஸ் ஏறினேன். கோட்டைவாசல் தாண்டுவதற்குள் வயிறு முறுக்க ஆரம்பித்துவிட்டது. ஆரியங்காவில் இறங்கி, முகம் தெரியாத ஒரு வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த அம்மா ஒன்றும் கேட்காமல் பின்கட்டைக் காட்டி, வாளியில் தண்ணீரும் எடுத்து வைத்தார். அப்புறம் ஒரு மாதம், இப்போது நீ இருப்பதுபோலத்தான் இருந்தேன்.

பிறகு பார்த்த டாக்டர்தான் தாளில் படம் போட்டு விளங்க வைத்தார். நம்ம ஊர்க் கணக்கில் சொல்கிறேன், கேள். பித்தநீரைச் சுரப்பது கல்லீரல், ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை. பித்தப்பை அதைத் தேக்கி, வற்றவைத்துக் கெட்டியாக்கி வைக்கிற குளம். 30 முதல் 50 மில்லிதான் கொள்ளும். எண்ணெய்ப் பதார்த்தம் குடலுக்குள் வந்ததும் மடை திறந்து மொத்தமாகப் பாயும். உனக்கும் எனக்கும் குளத்தைத்தான் எடுத்தார்கள், அருவி நிற்கவில்லை. தண்ணீர் இப்போது வாய்க்காலில் இரவும் பகலும் மெல்ல ஓடிக்கொண்டே இருக்கிறது. சின்ன வயலுக்கு அது தாராளம். ஒரே நேரத்தில் பெரிய வயலைக் காட்டினால்தான் எட்டாது. சிலருக்குப் பித்தநீர் அளவுக்கு மிஞ்சிப் பெருங்குடலுக்கு இறங்கிவிடும். அதுதான் பேதி.

அதனால் எண்ணெயை ஒரேயடியாக விட்டுவிடாதே. ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடம்பில் சேரக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாகப் பிரி. நான் மட்டை அரிசிக் கஞ்சி, சிறுபயறு, சுட்ட அப்பளம் என்று தொடங்கினேன். ஒரு வாரம் போனதும் பொரியல் மேல் ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெய். வயிறு ஒத்துக்கொண்டதைப் பார்த்துத்தான் அடுத்த வாரம் கூட்டினேன். மீனைப் பொரிக்காமல் குழம்பாக வைத்தால் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. வெறும் வயிற்றில் பால் விடாத கட்டங்காப்பி மட்டும் இன்றுவரை ஆகாது. பயறையும் கீரையையும் ஒரேயடியாகக் கூட்டாதே, வயிறு ஊதும். என்ன சாப்பிட்டாய், வயிறு என்ன சொன்னது என்று ஒரு நோட்டில் எழுதி வா. என் நோட்டைப் பார்த்துத்தான் காப்பியைக் கண்டுபிடித்தேன்.

பலருக்குச் சில வாரத்திலோ மாதத்திலோ தானாக அடங்கிவிடும். உனக்கு ஏழு வாரமாகத் தினம் நாலு தடவை என்றால் பொறுத்துக்கொண்டு கிடக்காதே, டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல். எனக்குக் கொலஸ்டிரமின் என்று ஒரு பொடி கொடுத்தார்கள், தண்ணீரில் கலக்கிக் குடிப்பது. மிஞ்சின பித்த அமிலத்தைப் பிடித்துக்கொண்டு வெளியேறும். நாலு நாளில் வீட்டை விட்டு வெளியே வந்தேன். அந்தப் பொடி மற்ற மருந்தையும் பிடித்துக்கொள்ளும். உனக்குத் தைராய்டு மாத்திரை இருக்கிறதே, எப்போது எது என்று கேட்டு இடைவெளி விட்டுச் சாப்பிடு.

இன்னொன்று. கண் மஞ்சளானாலோ, மலம் வெளிறிச் சிறுநீர் கறுத்தாலோ, குளிர்க் காய்ச்சலோடு மேல்வயிறு வலித்தாலோ அன்றைக்கே ஓடு. பை போன பிறகும் பித்தக் குழாயில் கல் தங்கியிருக்கலாம்.

சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். பொடி கேட்க டாக்டரிடம் நாம் இரண்டு பேருமே போவோம். வைகாசியில் பேத்திக்குக் காது குத்து, நீ வராமல் நடக்காது. தேங்காய்ப்பால் சொதிதான் வைக்கிறோம். நமக்கென்று தனிச் சட்டியில், முதலில் பிழிகிற கெட்டித் தலைப்பால் ஊற்றாமல், மூன்றாம் பாலில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். முருங்கைக்காய் நிறைய இருக்கும்.

அன்புடன்,
சங்கரன்