1966 டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்: உங்கள் மதிப்பீட்டு அறிக்கை பற்றிய புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
பழைய வாகன மதிப்பீட்டு நிறுவனம், சென்னை.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் கட்டணமில்லா எண், வாட்ஸ்அப், இணையதளத்தில் போடச் சொல்லும் டிக்கெட் எல்லாவற்றையும் பார்த்து அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் எடுத்து, "வண்டி பெட்ரோலா டீசலா மேடம்?" என்று முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். வண்டியின் விவரம், புகைப்படங்கள், ஆர்.சி. நகல் எல்லாம் உங்கள் ஃபைலில் இருக்கின்றன. தயவுசெய்து அதை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

என் அப்பாவின் ஸ்பிட்ஃபயர் காரை மதிப்பிட உங்களுக்கு நான் கட்டிய தொகை 14,000 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு 16,520. அதற்கு நீங்கள் கொடுத்தது இரண்டு பக்கம். முதல் பக்கம் முழுக்க உங்கள் லோகோவும் பொறுப்புத் துறப்பும். இரண்டாம் பக்கத்தில், "ஸ்டாண்டர்ட் ஹெரால்டு சேஸிஸ் வெட்டி மாற்றியமைக்கப்பட்ட வாகனம். என்ஜின் ஜாம். 1940க்குப் பிந்தியது, விண்டேஜ் அல்ல. மதிப்பு ரூ.85,000" என்று நாலு வரி, கூடவே பெயின்டுக்கு ஒரு கழிவும் ஒரு தேய்மான அட்டவணையும். (ஹெரால்டு அதே டிரையம்ஃப் கம்பெனியின் குடும்பக் கார், இங்கே ஸ்டாண்டர்ட் என்ற பெயரில் ஓடியது.) இந்த நாலு வரியில் ஒன்றுகூடச் சரியில்லை.

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கடன் பிரிவில் இருந்தபோது மதிப்பீட்டு அறிக்கைகள்தான் எனக்குச் சாப்பாடு. நல்லதும் பார்த்திருக்கிறேன், காபி குடித்துக்கொண்டே எழுதியதும் பார்த்திருக்கிறேன். உங்களுடையது எந்த வகை என்று சொல்லத் தேவையில்லை. வீட்டின் பரப்பளவை அளக்காமல் சதுர அடிக்கு விலை போட்ட மாதிரி இருக்கிறது.

அளப்பது என்று சும்மா சொல்லவில்லை. ஹெரால்டுக்கு முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே, அதாவது வீல்பேஸ், 91.5 அங்குலம். ஸ்பிட்ஃபயருக்கு 83 அங்குலம். ஹெரால்டின் சேஸிஸை, அதாவது அடிச்சட்டத்தை, குட்டையாக்கித்தான் டிரையம்ஃப் கம்பெனி இந்தக் காரையே 1962-ல் கொண்டுவந்தது. அதை வெட்டியது இங்கிலாந்தில் இருக்கும் கம்பெனி, கோயம்புத்தூரில் ஒரு பட்டறைக்காரர் இல்லை. இதற்கு உடல் வரைந்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். பழைய கார்களை மதிப்பிடுவதாக விளம்பரம் செய்யும் நிறுவனத்துக்கு இது தெரிந்திருக்கும் என்று நம்பித்தானே பணம் கட்டினேன்? முன் சக்கரத்துப் பாகம் ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது ஹெரால்டு பார்ட்டு" என்று உங்கள் ஆள் முடிவு கட்டினார். ஆமாம், பொருந்தும். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே குடும்பம். சென்னை வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் கம்பெனி ஹெரால்டு தயாரித்ததால்தான் இந்த வண்டிக்கு இன்றைக்கும் நம் ஊரில் சில பாகங்கள் கிடைக்கின்றன. அது சீரமைப்புச் செலவைக் குறைக்கும் விஷயம், விலையைக் கூட்ட வேண்டிய விஷயம். நீங்கள் அதையே போலி என்பதற்கு ஆதாரமாக எழுதிவிட்டீர்கள்.

சரி, அளக்க டேப் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆர்.சி. புத்தகத்தில் என்ஜின் 1147 சி.சி. என்று இருக்கிறது. இங்கே ஓடிய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு 948 சி.சி. இந்தக் கணக்குமா வரவில்லை? இங்கிலாந்தில் கேடன் என்ற ஊரில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்திலிருந்து வாங்கிய ஹெரிடேஜ் சான்றிதழின் நகலையும் கொடுத்தேன். தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்து அவர்கள் தருவது அது. அதில் உள்ள எஃப்.சி. என்று தொடங்கும் எண்ணும் பானட்டுக்குக் கீழே தகட்டில் உள்ள எண்ணும் ஒன்றே. என்ஜின் எண்ணும் பொருந்துகிறது. அதை உங்கள் ஆள் வாங்கி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அறிக்கையில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

இப்போது என்ஜின் ஜாம் என்ற கதைக்கு வருகிறேன். வந்தவர் வண்டியை கியரில் போட்டு, பின்னாலிருந்து தள்ளிப் பார்த்தார். நகரவில்லை. உடனே ஃபோனில் ஏதோ தட்டிக்கொண்டார். பின் சக்கரத்து பிரேக் ஷூ டிரம்மோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கிறது, நியூட்ரலில் போட்டாலும் நகராது என்று நான் சொன்னேன். காதில் வாங்கவில்லை. அவர் போன பிறகு, அந்தக் காலத்தில் ஹெரால்டுகள் பார்த்த எங்கள் மெக்கானிக்கை வரவழைத்தேன். எழுபது வயதுக்காரர். பிளக்குகளைக் கழற்றி, முன்னால் இருக்கும் கிராங்க் புல்லியின் நட்டில் ஸ்பேனரைப் போட்டு மெதுவாகத் திருப்பினார். சுற்றியது. அப்புறம் என்னை உள்ளே உட்காரவைத்து கிளட்சை மிதிக்கச் சொன்னார். அவர் குனிந்து புல்லியையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த என்ஜினில் கிராங்கின் பின்பக்க பேரிங்கில் பிறை மாதிரி இரண்டு வாஷர் இருக்கும். அவை தேய்ந்தால் கிளட்சை மிதிக்கும்போது புல்லி முன்னால் நகரும், முற்றினால் வாஷர் கழன்று ஆயில் சம்ப்பில் விழுந்து பிளாக்கையே கெடுத்துவிடும். கண்ணுக்குத் தெரியும்படி நகரவில்லை. "அம்மிணி, இது ஜாமும் இல்லீங்க, ஒண்ணுமில்லீங்க. நல்லாத்தான் இருக்குதுங்க" என்றார். ஒரு ஸ்பேனர், ஒரு கால். இதற்கு 16,520 ரூபாய் ஆகாது.

இன்னொன்று. இந்த வண்டியில் நிஜமாகவே பயப்பட வேண்டிய இடத்தை நானேதான் காட்டினேன். கதவுக்குக் கீழே ஓடும் சில். மற்ற கார்களில் அது பெரும்பாலும் அலங்காரம் என்று நினைப்பார்கள். ஸ்பிட்ஃபயரில் சேஸிஸ் நடுவில் முதுகெலும்பாக மட்டும் ஓடுவதால் பக்கத்தில் பாரம் தாங்குவது இந்த சில்தான். அது அரித்துப்போனால் உடம்பு தொய்ந்து கதவு இடைவெளி மேலே இறுகிக்கொள்ளும். முட்டுக் கொடுக்காமல் வெட்டினால் அப்புறம் கதவே சாத்தாது. இடது பக்கத்தில் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தத்தை வைத்துக் காட்டினேன். ஒரு சாண் தூரத்துக்கு ஒட்டாமல் கீழே விழுந்தது, உள்ளே இரும்பு இல்லை, ஓட்டையை அடைத்த பட்டிதான். இதற்குச் செலவு பிடியுங்கள் என்று வாய்விட்டுச் சொன்னேன். அறிக்கையில் சில் என்ற சொல்லே கிடையாது. பெயின்டுக்கு மட்டும் இரண்டரை லட்சம் கழித்திருக்கிறீர்கள்! பெயின்ட் கடைசி வேலை. அதற்குக் கழிக்கத் தெரிந்தவர்களுக்கு, முழுதாகச் சீரமைத்தால் என்ன விலை போகும், துருவுக்கு எவ்வளவு, எதிர்பாராததற்கு எவ்வளவு என்று கணக்கு எழுதத் தெரியவில்லையா? எதிலிருந்து கழித்தீர்கள் என்றே அறிக்கையில் இல்லை. ஆரம்பத் தொகை எங்கே?

அவர் எடுத்த படங்கள் நாலு பக்கமும் ஒவ்வொன்று, அப்புறம் ஸ்டீயரிங் பிடித்தபடி அவருடைய செல்ஃபி ஒன்று. அதையும் அறிக்கையோடு தவறுதலாக எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இதையெல்லாம் கேட்கத்தான் உங்கள் தொழில்நுட்பப் பிரிவுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் சீனியர் என்று சொல்லிக்கொண்டார். ஓடாத வண்டிக்கு என்ன விலை, இரும்புக் கடையில் எடைக்குப் போட்டால் வருவதுதான் விலை என்றார். பொறுத்துக்கொண்டேன். வீல்பேஸ் பற்றிக் கேட்டேன். "மேடம், வீட்டுல ஆம்பளைங்க யாராச்சும் இருந்தா போனைக் குடுங்க, இது டெக்னிக்கல்" என்றார். என் அப்பா கப்பலில் கொச்சிக்குக் கொண்டுவந்து இறக்கிய வண்டி அது. அதில் கியர் போடக் கற்றவள் நான். அந்த ஆளின் குரல் இன்னும் காதில் இருக்கிறது. உரையாடல் பதிவு செய்யப்படும் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறீர்களே, அந்தப் பதிவை நீங்களே ஒருமுறை போட்டுக் கேளுங்கள். உங்கள் வீட்டுப் பெண்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

அதற்கப்புறமும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டேன். அசல் ஆவணங்களோடு நேரில் வந்தால் மறு ஆய்வு செய்கிறோம் என்று உங்கள் மின்னஞ்சல் வந்தது. சேரன் எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் ஆர்.சி. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். காலையில் கிண்டி அலுவலகத்தில் வரவேற்பில் இருந்த பெண், மறு ஆய்வு செய்பவர் வீட்டிலிருந்து வேலை செய்கிறார், ஸ்கேன் செய்து அனுப்பினால் போதும் என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, அவர்தான் தண்ணீர் கொடுத்தார். மதியம் வரை உட்காரவைத்துவிட்டுத் திருப்பி அனுப்பியவர்கள் மேல்தான் கோபம். மூட்டு வலியோடு வந்தவளுக்கு ஒரு அதிகாரி வெளியே வந்து முகம் காட்டியிருக்கலாம்.

1940க்குப் பிந்தியது என்ற வரிக்கும் பதில் சொல்லுங்கள். அது மோட்டார் காப்பீட்டு விதிகள் அடங்கிய டாரிஃபில் தள்ளுபடிக்காக வைத்த வரம்பு. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதியில் 50 வருடத்தைத் தாண்டிய வண்டி விண்டேஜ் பதிவு பெறலாம், ஏற்கனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் சேஸிஸ், உடல், என்ஜின் எதுவும் பெரிதாக மாற்றப்பட்டிருக்கக் கூடாது. நீங்கள் சேஸிஸ் வெட்டப்பட்டது என்று முத்திரை குத்தித் தந்த தாளை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் யாராவது பார்த்தால் இந்த வண்டிக்கு அந்தப் பதிவு கிடைக்குமா? ஆண்டுக்கு இவ்வளவு சதவீதம் தேய்மானம் என்று ஒரு அட்டவணையும் ஒட்டியிருக்கிறீர்கள். அந்த அட்டவணை 5 வருடத்தோடு முடிகிறது ஐயா. அதற்கு மேல் இரு தரப்பும் பேசி முடிவு செய்யும் மதிப்பு என்றுதான் டாரிஃபே சொல்கிறது.

ஸ்பிட்ஃபயர் கோடிக்கணக்கில் போகும் கார் என்று நான் சொல்லவில்லை. மூன்று லட்சத்துக்கும் மேல் தயாரித்தார்கள், இங்கிலாந்தில் சாதாரண சம்பளக்காரர்கள் வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார். சொல்லப்போனால் இதன் முதல் மாதிரி வண்டியே பணமில்லாமல் தொழிற்சாலை மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. 1961-ல் கம்பெனியை லேலண்ட் வாங்கிய பிறகுதான் அது கண்ணில் பட்டது. அவர்களும் உங்களை மாதிரி எடைக்குப் போடப் பார்த்திருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். என்ஜின் எண் பொருந்தி, ஆவணங்கள் முழுதாக, ஒரே குடும்பத்தில் இருந்த வண்டி நம் நாட்டில் எத்தனை கிடைக்கும் என்று யோசித்து விலை போடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இந்த மதிப்பீடு எதற்கு என்று விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தேன். அப்பாவின் சொத்துப் பாகப் பிரிவினைக்கு. வண்டியை நான் வைத்துக்கொண்டு கனடாவில் இருக்கும் தம்பிக்கு அவன் பங்கைப் பணமாகக் கொடுப்பதாகப் பேச்சு. 85,000 என்ற அறிக்கையைப் பார்த்த நாளிலிருந்து அவன் சரியாகப் பேசுவதில்லை. "அக்கா, நீயே ஆளைப் பிடிச்சு எழுதி வாங்கினியா?" என்று கேட்டுவிட்டான். குறைந்த விலை எனக்கு லாபம்தானே, அவன் வேறெப்படி நினைப்பான்? காசு கொடுத்துத் திருட்டுப் பட்டம் வாங்கியிருக்கிறேன். எங்கள் குடும்பத்தையே உடைத்துப் போட்டுவிட்டீர்கள். இதற்கு எந்த ஜி.எஸ்.டி. போட்டுத் திருப்பித் தருவீர்கள்?

கோபத்தில் ஏதாவது அதிகமாக எழுதியிருந்தால் மன்னிக்கவும். உங்கள் நிறுவனத்தில் விஷயம் தெரிந்த ஒருவராவது இருப்பார் என்று இன்னும் நம்புகிறேன். அவரை அனுப்புங்கள். வண்டியை அளந்து, சில்லைத் தட்டிப் பார்த்து, என்ஜினைச் சுற்றிப் பார்த்து, ஒவ்வொரு தொகையும் எப்படி வந்தது என்று எழுதிய புதிய அறிக்கை எனக்கு வேண்டும். பழைய அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகத் தம்பிக்குக் காட்டும்படி ஒரு கடிதமும், கட்டிய 16,520 ரூபாயும், சென்னை வந்த செலவும் வேண்டும். தொலைபேசியில் பேசிய அந்த சீனியர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதில் பேரம் கிடையாது.

15 நாள் பார்ப்பேன். அதற்குள் பதில் வராவிட்டால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 சட்டப்படி நான் இருக்கும் கோயம்புத்தூரிலேயே வழக்குப் போடலாம், உங்கள் வக்கீல்தான் சேரனில் வர வேண்டியிருக்கும். ஆணையத்தில் அந்த செல்ஃபியும் காட்டப்படும்.

இப்படிக்கு,
வாகன உரிமையாளரின் மகள்,
கோயம்புத்தூர்.

பி.கு.: ஆளை அனுப்புவதென்றால் முந்தின நாளே சொல்லுங்கள். மெக்கானிக் மதியம் இரண்டு மணிக்கு மேல்தான் வருவார், அவர் இல்லாமல் இனி யாரையும் வண்டியைத் தொட விடமாட்டேன். ஹெரிடேஜ் சான்றிதழின் நகலை மறுபடி தர மாட்டேன், முதலில் கொண்டுபோனதைத் தேடி எடுத்து வரச் சொல்லுங்கள்.