பத்து வருட வாரண்டியும் ஓடாத வாஷிங் மெஷினும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆடி பிறந்துவிட்டால் தங்கள் நாளிதழில் இரண்டு தாள்களைப் புரட்டிய பிறகுதான் செய்தி கண்ணில் படுகிறது. முழுப் பக்கத்தில் வாஷிங் மெஷினும் பிரிட்ஜும் மிக்ஸியும் அணிவகுத்து நிற்க, அவற்றின் தலைமாட்டில் ‘10 வருட வாரண்டி’ என்று கொட்டை எழுத்தில் அச்சாகியிருக்கிறது. அந்தப் பத்தின் தோளில் சின்னதாக ஒரு நட்சத்திரக் குறி. அதற்கான விளக்கம் பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்ந்த தடம்போல, ஆங்கிலத்தில். அந்தக் குறியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் நூற்பாலை ஒன்றின் மின் பராமரிப்புப் பிரிவில் 26 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஓடும் சத்தத்தைக் கேட்டே பேரிங் போய்விட்டதா, மோட்டாரின் கம்பிச்சுருள் சூடேறுகிறதா என்று சொல்லிவிடுவோம் என்கிற மிதப்பு எங்கள் பிரிவில் எல்லோருக்கும் உண்டு. அந்த மிதப்போடு, ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் 17,500 ரூபாய்க்கு, மேல்பக்கம் துணி போடும் ஃபுல்லி ஆட்டோமேட்டிக் மெஷின் ஒன்றை வாங்கினேன். மோட்டாருக்கு 10 ஆண்டு என்றார் விற்பனையாளர். செம்புக் கம்பி சுற்றிய மோட்டார்தானா என்று கேட்டேன், ஆம் என்றார், பணத்தைக் கட்டிவிட்டேன். வேறு என்ன கேட்டிருக்க வேண்டும் என்று மூன்றாம் ஆண்டு ஐப்பசி மழையில்தான் எனக்குத் தெரிந்தது.

ஒரு காலையில் மெஷினில் விளக்கே எரியவில்லை. நிறுவனத்திலிருந்து வந்த தம்பி மேல்தகட்டைக் கழற்றி மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, “மோட்டார் அருமையா இருக்குண்ணே, போர்டுதான் போயிருச்சு” என்றார். போர்டு என்பது மெஷினை இயக்கும் மின்னணுப் பலகை. அதன் விலை 6,800 ரூபாய். வந்துபோன கூலி தனி. வாரண்டி அட்டையை எடுத்துவந்து நீட்டினேன். முழு மெஷினுக்கு 2 ஆண்டு, மோட்டாருக்கு மட்டும் 10 ஆண்டு என்று அதில் இருந்த வரியை அவர்தான் விரல் வைத்துக் காட்டினார். போர்டை மட்டும் கழற்றிக்கொண்டு தெரிந்த மெக்கானிக்கிடம் போனேன். ஈரமும் பூச்சியும் புகாமல் இருப்பதற்காக அதன்மேல் கெட்டியான பசையை ஊற்றி உறையவைத்திருந்ததால், உள்ளே எந்த ரிலே (மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) போயிருக்கிறது என்று பார்க்கக்கூட வழியில்லை. பசை படாத இணைப்பு முனைகளின் குறுக்கே ஒரு பல்லி காய்ந்து ஒட்டிக்கிடந்தது. பழக்கதோஷத்தில் அன்று மாலை மோட்டாரை, மின்கசிவு பார்க்கும் மெக்கர் கருவியை வைத்துச் சோதித்தேன். புத்தம்புதிதாக இருந்தது. அதற்கு இன்னும் ஏழு ஆண்டு வாரண்டி பாக்கி இருக்கிறது.

தேய்ந்துபோகிற கார்பன் பிரஷ் இல்லாத இண்டக்‌ஷன் மோட்டார் வீட்டு உபயோகத்தில் அவ்வளவு சீக்கிரம் கெடுவதில்லை. ஆகையால் அதற்கு நீண்ட வாரண்டி கொடுப்பதில் விற்பவருக்குப் பெரிய இழப்பு எதுவும் இல்லை. வீட்டில் கெடக்கூடியவை போர்டு, தண்ணீர் வால்வு, டிரெயின் பம்பு, டிரம்முக்கு அடியில் இருக்கும் சீல், அதையொட்டிய பேரிங் ஆகியவை. கையில் இருக்கும் பணத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கிற குடும்பம் கடைக்குள் நுழைந்தவுடன் கேட்க வேண்டியது, இந்த உறுப்புகளுக்கு எத்தனை ஆண்டு, இவற்றின் இன்றைய விலை என்ன, மதுரையில் கிடைக்குமா அல்லது வேறு ஊரிலிருந்து வர வேண்டுமா என்பதைத்தான். ஆயிரம் ரூபாய் தள்ளுபடியைவிட இந்த விடைகளுக்கு மதிப்பு அதிகம். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கேள்விகளைக் கேட்டால் பெரும்பாலான விற்பனையாளர்கள் கோபப்படுவதில்லை, இதற்கு முன் யாரும் கேட்காததால் விழிக்கிறார்கள்.

என்னோடு ஆலையில் வேலை பார்த்தவர் வீட்டில் 14 ஆண்டுகளாக ஒரு செமி ஆட்டோமேட்டிக் மெஷின் ஓடுகிறது. இடைப்பட்ட காலத்தில் அதில் பெல்ட் ஒருமுறை, டைமர் ஒருமுறை, பிழியும் தொட்டியின் பிரேக் வயர் இரண்டு முறை மாற்றியிருக்கிறார். எல்லாமே டவுன்ஹால் ரோட்டுப் பக்கத்துக் கடைகளில் கையோடு வாங்கி, தெருமுனை மெக்கானிக்கை வைத்து ஒரு மணி நேரத்தில் மாட்டியவை. துணியை ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்குக் கையால் மாற்ற வேண்டும், பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்பது உண்மையே. முதுகுவலி உள்ளவர்களுக்கும் காலையில் வேலைக்கு ஓடுகிற பெண்களுக்கும் அது சிரமம்தான். ஆனால் வீட்டில் பகலில் ஒருவர் இருப்பார், செலவு கட்டுக்குள் நிற்க வேண்டும் என்றால், ஃபுல்லி ஆட்டோமேட்டிக்கில் மலிவானதை வாங்குவதைவிட செமி ஆட்டோமேட்டிக்கில் நல்லதை வாங்குவதே புத்திசாலித்தனம் என்று நான் நினைக்கிறேன்.

இதில் தண்ணீருக்கும் பங்கு உண்டு. வைகைத் தண்ணீர் குழாயில் வரும் நாள் போக, மதுரையில் பல வீடுகள் போர் தண்ணீரை நம்பியிருக்கின்றன. அது பல இடங்களில் சோப்பு நுரைக்காத உப்புத் தண்ணீர். ஆட்டோமேட்டிக் மெஷினுக்குள் தண்ணீர் நுழையும் வாயில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வலை இருக்கும். எங்கள் வீட்டில் முதல் ஆண்டிலேயே மெஷின் தண்ணீர் பிடிக்க முக்கால் மணி நேரம் எடுத்தபோது அந்த வலையை இடுக்கியால் இழுத்துப் பார்த்தேன். செங்கல் நிற மணலும் வெள்ளை உப்பும் சேர்ந்து சுண்ணாம்புக் கட்டியைப்போல அடைத்திருந்தது. பல் துலக்கும் பழைய பிரஷால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவினால் போதும். கடையில் இதைச் சொல்லவில்லை. இன்னொன்று, இந்த வால்வு திறந்து ஒழுங்காக நீர் பிடிக்கப் பல மெஷின்களுக்குக் குறைந்தபட்சம் 0.3 பார் அழுத்தம் வேண்டும் என்று அவற்றின் கையேட்டிலேயே போட்டிருக்கிறது. அதாவது குழாய்க்கு மேலே சுமார் மூன்று மீட்டர் உயரத்தில் தொட்டி இருக்க வேண்டும். ஒற்றை மாடி வீட்டில், மொட்டை மாடித் தரையிலேயே சின்டெக்ஸ் தொட்டியை உட்கார வைத்திருப்பவர்களுக்கு இந்த உயரம் கிடைப்பது கடினம். வாங்குவதற்கு முன் ஒரு நூலைக் கட்டித் தொங்கவிட்டு அளந்துகொள்வது நல்லது. முன்பக்கம் துணி போடும் மெஷின் தண்ணீரை மிச்சப்படுத்தும் என்பது சரியே. ஆனால் அதில் உள்ள ஹீட்டர் சுமார் 2000 வாட் இழுக்கும் என்பதால் 16 ஆம்பியர் பிளக்கும் ஒழுங்கான எர்த்தும் வேண்டும், உப்புத் தண்ணீரில் ஹீட்டர்மேல் படியும் செதிலையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மாசி வீதிகளை ஒட்டிய பழைய வீடுகளில் எர்த் என்பது பல இடங்களில் பெயருக்குத்தான் இருக்கிறது. (எந்த மெஷின் வாங்கினாலும் புதுச் சுங்குடிச் சேலையை அதில் போட்டுவிடாதீர்கள், என் மனைவி ஒருமுறை போட்டு, என் வேட்டிகள் எல்லாம் இளஞ்சிவப்பாகிவிட்டன.)

பிரிட்ஜ் விஷயத்தில் மக்கள் மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திரத்தை எண்ணுகிறார்கள், எண்ணுவது நல்லது. மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2006-இல் தொடங்கிய அந்த முத்திரையில் நட்சத்திரத்தோடு, ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்பதும், முத்திரை எந்தக் காலத்துக்குச் செல்லும் என்பதும் அச்சாகியிருக்கும். விதிகள் அவ்வப்போது இறுக்கப்படுவதால், பழைய ஐந்து நட்சத்திரம் இன்றைய கணக்கில் ஐந்தாக இருக்காது. ஆடித் தள்ளுபடியில் கரையேற்றப்படும் பழைய சரக்கில் இந்தக் காலத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பிறகு ஒரு சின்னக் கணக்கு. ஒரு பிரிட்ஜில் ஆண்டுக்கு 200 யூனிட், இன்னொன்றில் 130 யூனிட் என்று போட்டிருந்தால் வித்தியாசம் 70. யூனிட்டுக்கு 5 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 350 ரூபாய்தான் மிச்சம். விலையில் 4,000 ரூபாய் கூடுதல் என்றால் அதைத் திரும்ப எடுக்கப் பதினோரு ஆண்டுக்கு மேல் ஆகும். 1,500 ரூபாய்தான் கூடுதல் என்றால் நாலைந்து ஆண்டில் வந்துவிடும். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டை ஒட்டி ஓடுகிற வீடுகளுக்கு மட்டும் இந்தக் கணக்கு வேறு. அந்தக் கோட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் என்றில்லாமல் அதற்கு முந்தைய யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் கட்டணம் கூடிவிடுகிறது. அவர்கள் யோசிக்காமல் நட்சத்திரம் அதிகமானதையே வாங்கலாம்.

மிக்ஸிக்கு இந்தக் கவலை இல்லை. 750 வாட் மிக்ஸியைத் தினமும் பத்து நிமிடம் ஓட்டினாலும் இரண்டு மாதத்துக்கு ஏழரை யூனிட்தான் ஆகும். மிக்ஸியில் பார்க்க வேண்டியது ஜாரின் அடியில் உள்ள புஷ்ஷும், மோட்டார் தலையில் ஜாரைக் கவ்வும் கப்ளரும் தனியாகக் கிடைக்குமா என்பது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில் வந்த மிக்ஸிகள் உசிலம்பட்டிப் பக்கம் என் உறவினர் வீடுகளில் இன்றும் சட்னி அரைக்கின்றன. அவை பெரிய ரகமல்ல. ஊரெல்லாம் அதே மிக்ஸி இருந்ததால் சந்தைக் கடையில்கூட கப்ளரும் பிளேடும் வந்துவிட்டன. நாலு வீட்டில் இருக்கிற மாடலையே வாங்குவது கௌரவக் குறைச்சல் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம். ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி திடீரென்று நின்றால் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாமல், கவிழ்த்து அடியில் உள்ள சிவப்புப் பொத்தானைக் கொஞ்ச நேரம் கழித்து அழுத்திப் பாருங்கள். சுமை கூடினால் மோட்டாரைக் காப்பதற்காக அது தானே வெளியே துருத்திக்கொள்ளும். அதை அழுத்திக் கொடுத்ததற்கு 150 ரூபாய் வாங்கிய மெக்கானிக்கையும் நான் அறிவேன். இட்லி மாவுக்கு மிக்ஸியைப் போட்டு வதைக்காமல், ஒரு சின்ன கிரைண்டர் வாங்கிவிட்டால் இரண்டும் நீடித்து உழைக்கும்.

‘வட்டியில்லாத் தவணை’ பற்றியும் ஒரு வார்த்தை. சுழியம் சதவீத வட்டி என்பதே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-இலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேளுங்கள். அந்தக் குறைப்பும் நடைமுறைக் கட்டணமும் சேர்ந்ததுதான் வட்டி.

இப்போது தங்களிடம் கேட்க விரும்புவதற்கு வருகிறேன். தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூன் மாதம் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, விளம்பரத்தில் ஒரு வாக்குறுதி எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில், அதே எழுத்துருவில், கண்ணில் படும்படியாக அதற்கான நிபந்தனையும் இருக்க வேண்டும். ‘10 வருட வாரண்டி’ தமிழில் இருக்க, ‘மோட்டாருக்கு மட்டும்’ என்பது ஆங்கிலத்தில் அடியில் ஒளிந்திருப்பது அந்த விதிக்குப் பொருந்துமா? தங்கள் விளம்பரப் பிரிவு ‘மோட்டாருக்கு 10, போர்டு உள்ளிட்ட மற்றவைக்கு 2’ என்ற ஒரு வரியைத் தமிழில் சேர்த்துத் தரும்படி விளம்பரதாரர்களைக் கேட்டால், அவர்களுக்கு இரண்டு அங்குல இடம் குறையும், அவ்வளவே. பழுதுநீக்கும் உரிமைக்கென மத்திய அரசு 2022 டிசம்பரில் ஓர் இணையதளம் தொடங்கியிருக்கிறது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருள்களுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமின்றி வழக்குத் தொடரலாம், குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள். இவையெல்லாம் நல்ல ஏற்பாடுகளே. ஆனால் வாரண்டி அட்டையில் உள்ளதை முன்பே படிக்காத என்னைப் போன்றவன் எந்த முகத்தோடு ஆணையத்துக்குப் போவது?

சென்ற மாதம் என் தங்கை மகளுக்கு மெஷின் வாங்கப் போயிருந்தேன். பில் போடும் முன், போர்டுக்கு எத்தனை ஆண்டு, அதன் விலை என்ன என்று கேட்டதற்கு, கடைப் பையன் உள்ளே போய் மேலாளரைக் கூட்டிவந்தார். அவர் நிறுவனத்துக்கு போன் போட்டுக் கேட்டு, பில்லின் பின்பக்கம் பேனாவால் ‘மோட்டார் 10, போர்டு 2, வால்வு 2, போர்டு விலை ரூ.5,200’ என்று எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் வைத்துக் கொடுத்தார். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம் ஆனது. எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்ற அம்மா, “எனக்கும் அப்படியே எழுதிக் குடுங்க தம்பி” என்றார். அவருக்கும் எழுதிக் கொடுத்தார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி,
வில்லாபுரம், மதுரை.