கால் வீக்கமும் அம்லோடிபின் மாத்திரையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறவர்களில் சிலர், கணுக்கால் வீங்கியதும் கிட்னி கெட்டுவிட்டதாகப் பயந்து மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். மருந்துக் கடையில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்பதால், இந்த வீக்கத்தின் காரணத்தை விளக்க விரும்புகிறேன்.

அம்லோடிபின், ரத்தக் குழாய்ச் சுவரின் தசைக்குள் கால்சியம் புகுவதைக் குறைத்து, குழாயைத் தளர்த்துகிறது. ரத்தத்தைக் கொண்டுசெல்லும் நுண்தமனிகள் நன்றாக விரிய, ரத்தத்தைத் திருப்பி எடுத்துச் செல்லும் சிரைகள் அந்த அளவுக்கு விரியாததால், இடையிலுள்ள மிக நுண்ணிய குழாய்களான தந்துகிகளில் அழுத்தம் கூடி, நீர் வெளியே கசிந்து காலில் தேங்குகிறது. மாலையில் செருப்பு வார் பதியும். விரலால் அழுத்தினால் குழி விழும். இரவு படுத்து எழுந்தால் ஓரளவு வடிந்திருக்கும். மருந்தின் விவரக் குறிப்பில் உள்ள ஆய்வுக் கணக்குப்படி, 5 மி.கி. சாப்பிட்டவர்களில் சுமார் 3 சதவீதத்தினருக்கும், 10 மி.கி. சாப்பிட்டவர்களில் சுமார் 11 சதவீதத்தினருக்கும் வீக்கம் வந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். சிறுநீரகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இம்மருந்து பெரும்பாலும் கல்லீரலில் சிதைவதால், சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கும் வழக்கமான அளவிலேயே கொடுக்கிறார்கள். நாடித்துடிப்பைக் குறைக்காது, ஆஸ்துமாவைத் தூண்டாது என்பதும், நெஞ்சுவலிக்கும் (ஆஞ்சைனா) இதையே கொடுக்கலாம் என்பதும் கூடுதல் வசதிகள்.

உடலில் உப்பும் நீரும் சேர்வதால் வரும் வீக்கம் இதுவல்ல என்பதால், சிறுநீரை அதிகம் போகச் செய்யும் நீர் மாத்திரை அவ்வளவாகப் பலன் தராது. ஆனாலும் சீட்டில்லாமல் கடையில் அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. கொடுக்கிற கடைகளும் உண்டு என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. வயதானவர்களுக்கு இதனால் சோடியம், பொட்டாசியம் குறைந்து தலைசுற்றல் வந்து, அதற்கும் ஒரு மாத்திரை சேரும். மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், அல்லது சிரைகளையும் விரிக்கக்கூடிய டெல்மிசார்ட்டன் போன்ற மருந்தைச் சேர்ப்பார், அல்லது மருந்தையே மாற்றுவார். ஒரு காலில் மட்டும் வலியோடு வீங்கினாலோ, மூச்சுத் திணறல் இருந்தாலோ அது வேறு விஷயம்; உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நிறுத்தியவர்களை ஏமாற்றுவது இம்மருந்தின் நீடித்த வேலைதான். உடலில் இதன் அளவு பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆவதால், நிறுத்திய மறுநாள் பார்த்தால் அழுத்தம் பெரிதாக ஏறியிருக்காது. 'மாத்திரை இல்லாமலே நன்றாக இருக்கிறேன்' என்ற எண்ணம் வந்துவிடுகிறது. ஏற்றம் பின்னால் மெல்ல வரும்போது, பெரும்பாலும் எந்த அறிகுறியும் தெரிவதில்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வந்து சேர்கின்றன. அவற்றைக் கொண்டுவரும் தன்னார்வலர்கள் அழுத்தத்தை அளந்து பார்ப்பதோடு, 'கால் வீங்குகிறதா, மாத்திரையை விட்டுவிட்டீர்களா' என்று கேட்டு, ஆம் என்பவர்களின் பெயரை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்குத் தெரிவிக்கும்படி சுகாதாரத் துறை அறிவுறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
மதுரை.