மாதவிலக்கு நின்றபின் கறை பட்டால்

ஆசிரியருக்கு வணக்கம்.

கம்பம், கூடலூர் பக்கமிருந்து குமுளி தாண்டி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களில் ஐம்பதைக் கடந்த பெண்கள் பலர். மாதவிலக்கு நின்று ஒரு வருடம் ஆனபின் துணியில் லேசாகக் கறை பட்டால், "உடம்புச் சூடு" என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டு நாளில் அது தானாக நின்றும்விடும். நின்றாலும் பார்த்தே ஆகவேண்டும். இப்படி வருபவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குக் கர்ப்பப்பை உட்சவ்வில் புற்று இருக்கிறது. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் சவ்வு மெலிந்திருப்பது, பாலிப் (சவ்வில் வளரும் சிறு சதை) போன்றவைதான் காரணம்.

"முகாமில் பார்த்தாச்சு, ஒன்றுமில்லை" என்பதை நம்பி இருந்துவிடக் கூடாது. முகாமில் சோதிப்பது கர்ப்பப்பை வாயை. உட்சவ்வு அதில் தெரியாது. இதற்கு வேண்டியது பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேன். சிறுநீர் கழித்துவிட்டுப் படுத்தால் போதும், குடம் குடமாகத் தண்ணீர் குடிக்க வேண்டாம். சவ்வின் இரு அடுக்கையும் சேர்த்து, மிகத் தடித்த இடத்தில் அளக்க வேண்டும். நடுவே நீர் இருந்தால் அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அளவு 4 மி.மீ. அல்லது அதற்குக் கீழ் என்றால் புற்று இருக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அதற்கு மேல் போனாலோ, சவ்வு முழுதாகத் தெரியாவிட்டாலோ பயாப்சி, அதாவது கொஞ்சம் திசு எடுத்துச் சோதிப்பது. மெல்லிய சவ்விலும் சிலவகைப் புற்று வரும் என்பதால், மறுபடி கறை பட்டால் அளவு எதுவானாலும் பயாப்சிதான்.

அதற்கு மயக்க மருந்து பெரும்பாலும் தேவைப்படாது. சுமார் 3 மி.மீ. தடிமனுள்ள பிளாஸ்டிக் குழாயைக் கர்ப்பப்பைக்குள் விட்டு, அதன் உள்தண்டைப் பின்னால் இழுத்தால் உறிஞ்சும்; சுழற்றியபடி மேலும் கீழும் நகர்த்தித் திசு எடுப்பார்கள். சில நிமிட வேலை, வலி மாதவிலக்கு வலிபோல் இருக்கும். வயதானவர்களுக்குக் கர்ப்பப்பை வாய் சுருங்கிக் குழாய் நுழையாமல் போகலாம், திசு போதாமலும் போகலாம். பாலிப்பும் ஓரிடத்தில் மட்டும் உள்ள புற்றும் இதில் தப்பிவிடலாம். "திசு போதவில்லை" என்று அறிக்கை வந்தால் புற்று இல்லை என்று அர்த்தமல்ல. சவ்வு தடித்திருந்தால் கேமரா விட்டுப் பார்க்கும் ஹிஸ்டரோஸ்கோப்பி செய்ய வேண்டும். எடுத்த திசு, அதைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் ஆய்வகத்துக்குப் போகவேண்டும். வெறும் தண்ணீரில் போனால் கெட்டுவிடும்.

இதற்கு நேர்மாறான கொடுமையும் நடக்கிறது. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் 6 மி.மீ. என்று வந்ததும், கறையே படாத பெண்ணிடம் கர்ப்பப்பையை எடுக்கச் சொல்கிறார்கள். 4 மி.மீ. கணக்கு கறை பட்டவர்களுக்கானது. படாதவர்களுக்கு 11 மி.மீ. அளவில்தான் பயாப்சி பற்றி யோசிப்பது வழக்கம். உடல் பருமன், சர்க்கரை, மார்பகப் புற்றுக்கான டமாக்சிபென் மாத்திரை இருந்தால் மருத்துவர் அதையும் சேர்த்து முடிவு செய்வார். அறிகுறி இல்லாத எல்லாப் பெண்களுக்கும் இந்த ஸ்கேன் தேவையில்லை.

கோட்டயம் பக்கம் பயாப்சி செய்துவிட்டுச் சிகிச்சைக்குத் தேனிக்கோ மதுரைக்கோ வருகிறவர்கள் அறிக்கையோடு, திசு வைத்த கண்ணாடி ஸ்லைடையும், திசுவைப் பதித்து வைத்த மெழுகுத் துண்டையும் (பிளாக்) கேட்டு வாங்கி வரவேண்டும். அவை இருந்தால் இங்கே மறுபடி திசு எடுக்காமலே சரிபார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
பெண்கள் நல மருத்துவர்,
கம்பம், தேனி மாவட்டம்